கிப், டாஸ், க்ராஷ், புட் அப்: பிரிட்டனில் அடுத்தவர் வீட்டில் படுப்பதற்கு எந்தச் சொல்லை யாரிடம் சொல்வது?

நெல்லை_லீட்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். லீட்ஸில் முதுகலை படிக்கிறேன். பள்ளியிலிருந்தே ஆங்கில வழியில் படித்தவன்தான், ஆனாலும் இங்கே நண்பர்கள் பேசும் ஆங்கிலம் பாதிதான் பிடிபடுகிறது. மான்செஸ்டரில் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போகிறோம். முடிய நேரமாகும், திரும்பி வர ரயில் கிடைக்காது. அந்த ஊர்க்கார வகுப்புத் தோழன் வாட்ஸ்அப் குழுவில் "யூ கேன் ஆல் கிப் அட் அவர்ஸ்" என்று போட்டான். ஒருத்தி "ஐ'ல் டாஸ் டவுன் எனிவேர்" என்றாள் (doss, காசு சுண்டும் டாஸ் இல்லை). இன்னொருவன் "க்ராஷ் ஆன் த சோஃபா" என்றான்.

பொருள் புரிகிறது, அங்கே படுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இதில் எதை நான் தயங்காமல் சொல்லலாம்? எதை அவனுடைய அம்மாவிடம் சொல்லக் கூடாது? அப்புறம், அடுத்த மாதம் லண்டனில் ஒரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. என் பேராசிரியருக்குத் தெரிந்த ஒரு வயதான தம்பதி வீட்டில் ஓர் இரவு தங்கலாம் என்று ஏற்பாடு. அவர்களுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். அதில் எந்தச் சொல்லைப் போடுவது?

வெம்பிளி_அக்கா எழுதியது:

தம்பி, மின்னஞ்சலை முதலில் முடித்துவிடுவோம். அங்கே போட வேண்டியது "புட் அப்". "குட் யூ பாஸிப்ளி புட் மீ அப் ஃபார் த நைட்?" என்று கேட்கலாம். தங்கிவிட்டு வந்த பிறகு அனுப்பும் நன்றி அட்டையில் "தேங்க் யூ ஃபார் புட்டிங் மீ அப்" என்று எழுதலாம். 'மீ' நடுவில்தான் வர வேண்டும். கடைசியில் 'வித்' ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், "புட் அப் வித்" என்றால் சகித்துக்கொள்வது என்று ஆகிவிடும்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றையும் இதோடு வைத்துப் பாருங்கள். புட் அப் என்பதில் எழுவாய் வீட்டுக்காரர். அவர்தான் படுக்கை விரிக்கிறார், துண்டு எடுத்து வைக்கிறார். அவருடைய உழைப்பு அந்த வினையிலேயே இருக்கிறது. கிப், டாஸ், க்ராஷ் மூன்றிலும் எழுவாய் விருந்தாளி. "கேன் ஐ க்ராஷ் அட் யுவர்ஸ்?" என்று ஒருவன் கேட்டால், எனக்காக எதுவும் செய்யாதே, ஒரு மூலை கிடைத்தால் போதும் என்று சேர்த்துச் சொல்கிறான். கேட்பதை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்குகிறான்.

வீட்டுக்காரரும் இதையேதான் செய்வார். "ஜஸ்ட் கிப் ஹியர்" என்று அவர் சொன்னால், உன்னை உபசரிக்க நான் சிரமப்படப் போவதில்லை, அதனால் நீ கடன்பட்டதாக நினைக்காதே என்று பொருள். இத்தனை வருடம் இங்கே இருந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கங்களில் இது ஒன்று. உதவியைக் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் சேர்ந்தே அதை எடை குறைத்துக்கொள்கிறார்கள்.

நண்பனின் அம்மாவிடம் கிப் தாராளமாகச் சொல்லலாம், அதில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். க்ராஷ் இளைஞர் பேச்சு, அதுவும் பரவாயில்லை. டாஸ் வேண்டாம். அவர் வீட்டை மட்டமாகச் சொன்னது போல் காதில் விழக்கூடும்.

அந்த 'அட் அவர்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. வீடு என்ற சொல்லே இல்லாமல் 'அட் மைன்', 'அட் யுவர்ஸ்', 'அட் அவர்ஸ்' என்பது பிரிட்டிஷ் வழக்கம். லண்டன் பக்கம் 'ரவுண்ட் மைன்' என்றும் கேட்கலாம். வடக்கே 'ஸ்டே' வர வேண்டிய இடத்தில் 'ஸ்டாப்' வரும். "ஆர் யூ ஸ்டாப்பிங் அட் அவர்ஸ் டுநைட்?" என்று யார்க்‌ஷயர்க்காரர் கேட்டால், தங்குகிறாயா என்றுதான் கேட்கிறார், நிறுத்தச் சொல்லவில்லை.

திருச்சி_ஆங்கிலம் எழுதியது:

அக்கா சொன்னதற்குத் துணையாக இலக்கணப் பக்கத்தையும் பார்க்கலாம். கல்லூரியில் ஃப்ரேசல் வெர்ப் நடத்தும்போது மாணவர்கள் முன்னால் வரும் வினையை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். வேலை செய்வது பின்னால் வரும் குட்டிச் சொல்.

'டவுன்' வந்தால், ஓர் இடத்தைப் பார்த்து, அதைத் தயார் செய்துகொண்டு அமைவது. கிப் டவுன், டாஸ் டவுன், பங்க் டவுன், பெட் டவுன் எல்லாம் இந்த இனம். 'கிப்' தனியாக வரும்போது வெறும் தூக்கம்தான், சொந்தக் கட்டிலில் மதியம் போடும் குட்டித் தூக்கமும் கிப்தான். 'டவுன்' சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் அது உங்கள் வழக்கமான படுக்கையாக இருக்காது. தரை, சோஃபா, ரயில் நிலைய பெஞ்ச், கூடாரம் என்று ஏதோ ஒன்று. பெட் டவுன் குதிரை லாயத்திலும் புழங்குகிறது, இரவுக்கு வைக்கோல் பரப்பிக் குதிரையைப் படுக்கவிடுவதற்கு அதுதான் சொல். இதன் ஒன்றுவிட்ட தம்பி 'பெட் இன்' அலுவலகத்தில் வரும். புது மென்பொருள் பழகி நிலைப்பதை "இட் நீட்ஸ் டைம் டு பெட் இன்" என்பார்கள். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'ஓவர்' என்றால் இரவைத் தாண்டுவது. ஸ்டே ஓவர், ஸ்லீப் ஓவர். படுக்கை எப்படி என்பது பேச்சே இல்லை, ஓர் இரவு கழிந்தது, அவ்வளவுதான். எல்லாரிடமும் சொல்லத்தக்க சொற்கள் இவை.

'அவுட்' கொஞ்சம் சிக்கல். க்ராஷ் அவுட், ஃப்ளேக் அவுட், காங்க் அவுட் என்றால் அசதியில் அடித்துப்போட்டது போல் தூங்கிவிடுவது. ஸ்லீப் அவுட், கேம்ப் அவுட் என்றால் வெட்டவெளியில் படுப்பது. ஒரே 'அவுட்', ஒன்றில் நினைவு போகிறது, இன்னொன்றில் கூரை போகிறது. ஃப்ளேக் அவுட் அமெரிக்கரிடம் போனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது.

கோவை_பையன் எழுதியது:

சார், க்ராஷ் அவுட் இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. இணையத்தில் என் வயதுப் பையன்கள் "ஹீ க்ராஷ்ட் அவுட்" என்றால், கோபத்திலோ மன அழுத்தத்திலோ நிதானம் இழந்து எதையாவது செய்துவிட்டான் என்று அர்த்தம். அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் போட்டியிலிருந்து தோற்று வெளியேறியது. தூக்கம் என்ற பொருள் வேண்டுமென்றால் 'அவுட்' போடாமல் 'க்ராஷ் அட்', 'க்ராஷ் ஆன்' என்று நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

டாஸ் விஷயத்தில் அக்கா ரொம்பக் கறாராக இருக்கிறார் என்று நினைக்கிறேன். நாட்டிங்ஹாமில் என்னோடு படிக்கும் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். 'டாஸ் அபவுட்' என்றால் வேலை செய்யாமல் சும்மா பொழுதைப் போக்குவது. "தட் மாட்யூல் இஸ் எ டாஸ்" என்றால் ரொம்ப எளிதான பாடம். அதில் யாரையும் மட்டம் தட்டுவது இல்லையே.

கிழக்கு_லண்டன் எழுதியது:

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நீண்ட காலமாக ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறேன். குளிர்காலத்தில் சில தேவாலயங்கள் சேர்ந்து முறை வைத்து மண்டபத்தைத் திறந்து வீடில்லாத ஆட்களைப் படுக்க விடுவார்கள். அங்கே தொண்டு செய்கிறேன். நாங்கள் அவர்களைப் பற்றிக் கதைக்கும்போது 'கெஸ்ட்' என்றுதான் சொல்வோம். வாசலில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துத் தெருவில் போகிற ஆட்கள் 'டாஸர்ஸ்' என்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால் எனக்கு ஏன் அது பிடிக்காது என்று விளங்கும்.

டாஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே கொச்சை மொழியில் இருக்கிறது. முதுகைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர் கருதுகிறார்கள், முதுகைச் சாய்ப்பது என்ற கருத்தில். விக்டோரியா காலத்தில் 'டாஸ் ஹவுஸ்' என்பது லண்டன் ஏழைகளின் இரவுத் தங்கல். ஓர் இரவுக்குச் சில பென்னி. ஒரே அறையில் நெருக்கியடித்துக் கட்டில்கள், மூட்டைப்பூச்சி, காலையில் வெளியேற்றம். ஜார்ஜ் ஆர்வெல் 1933இல் வெளியான தன் முதல் நூலில் லண்டனின் மலிவுத் தங்கல்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். இரண்டு பென்னிக்குப் படுக்கை இல்லை, பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும், முன்னால் கட்டிய கயிற்றில் சாய்ந்து தூங்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கயிற்றை அறுத்துவிடுவார்களாம். நான்கு பென்னி கொடுத்தால் ஒரு மரப்பெட்டி, மேலே போர்த்த தார்ப்பாய். அந்தப் பெட்டியைச் சவப்பெட்டி என்றே அழைத்தார்கள்.

பிரதமர் டிஸ்ரேலியின் செயலாளராக இருந்த ரௌட்டன் பிரபு இதைப் பார்த்துத்தான் 1892இல் வாக்ஸ்ஹாலில் தன் பணத்தைப் போட்டு ஒரு நல்ல விடுதி கட்டினார். ஆறு பென்னிக்குத் தனித் தடுப்பு, சுத்தமான விரிப்பு, குளிக்க வசதி. அந்த வரிசையில் 1905இல் கேம்டனில் கட்டிய ஆர்லிங்டன் ஹவுஸ் நூறு வருடம் தாண்டியும் வீடில்லாதவர்களுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. வெளியே படுத்தால் என்ன என்று கேட்கலாம். 1824இல் வந்த வேக்ரன்ஸி சட்டம் அதைக் குற்றமாக்கி வைத்திருந்தது. அதை நீக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 2022இல்தான்.

அக்கா சொன்னது வடிவான விளக்கம், கேட்பதைச் சின்னதாக்கிக் கேட்பது. ஆனால் டாஸ் என்று சொல்லிச் சின்னதாக்கும்போது, அந்தச் சின்னத்தனத்தை வேறு யாரிடமோ இருந்து கடன் வாங்குகிறோம். உங்கள் சிநேகிதி "எங்கேயும் டாஸ் டவுன் பண்ணுவேன்" என்று இலகுவாகச் சொல்கிறாள், ஏனென்றால் அடுத்த நாள் திரும்பிப் போக அவளுக்கு ஓர் அறை இருக்கிறது. அறை இல்லாதவர் வாயில் அந்தச் சொல் வருவதை நான் அரிதாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர்கள் 'ஸ்லீப்பிங் ரஃப்' என்பார்கள், அல்லது 'ஐ'ம் அவுட்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுவார்கள்.

கோவை_பையன் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு 'டாஸர்' என்று ஆளைக் குறிப்பது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வினையையும் சேர்த்து விலக்க வேண்டுமா? சொல்கிற பையன்களுக்கு அந்த வரலாறு எதுவும் தெரியாது. நோக்கமும் அது இல்லை.

கிழக்கு_லண்டன் எழுதியது:

விலக்கச் சொல்லவில்லை தம்பி. நண்பர்களுக்குள் சொல்லுங்கள். யார் காதில் விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

'சோஃபா சர்ஃபிங்' விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பயணம் போகிறவர்கள் முன்பின் தெரியாதவர் வீட்டில் ஓசியில் தங்குவதற்குக் கௌச் சர்ஃபிங் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிரிட்டனில் சோஃபா சர்ஃபிங் என்றால் அநேகமாக வேறு. வாடகை கட்ட முடியாமலோ வீட்டில் சண்டை வந்தோ, இன்று ஒரு நண்பர், நாளை ஒரு சித்தப்பா என்று மாறி மாறிப் படுக்கிற நிலை. வீடில்லாதவர்களுக்கான தொண்டு அமைப்புகள் இதை மறைந்த வீடின்மை என்கின்றன. இங்கிலாந்தில் 2024 இலையுதிர் காலத்தில் ஒரே இரவை எடுத்துக் கணித்தபோது தெருவில் படுத்தவர்கள் 4,667 பேர். சோஃபாவில் படுத்தவர் யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார். உங்கள் வகுப்பில் யாராவது கொஞ்ச நாளாக சோஃபா சர்ஃப் பண்ணுகிறேன் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பிரிவு இருக்கும், அங்கே கூட்டிப் போங்கள்.

மலையேறி_கிளாஸ்கோ எழுதியது:

டாஸ் சொல்லுக்கு ஒரு நல்ல வாழ்க்கையும் இருக்கிறது, அதைச் சொல்ல ஆசை. ஸ்காட்லாந்து மலையேறிகளுக்கு 'டாஸ்' என்பது பெயர்ச்சொல். பாறைக்கு அடியில் காற்று அடிக்காத ஒரு குழி, பூட்டில்லாத ஒரு கல் வீடு, எது கிடைத்தாலும் அது நல்ல டாஸ். அந்தக் கல் வீடுகளுக்கு 'பாதி' (bothy) என்று பெயர். முன்பு ஆடு மேய்ப்பவர்களும் பண்ணையாட்களும் தங்கியவை. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, கட்டணமும் கிடையாது. 1965இல் தொடங்கிய மவுண்டன் பாதீஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தின் தொண்டர்கள் சுமார் நூறு பாதிகளைப் பராமரிக்கிறார்கள். உள்ளே போனால் முன்பின் தெரியாதவர் அடுப்பு மூட்டி உங்களுக்கும் தேநீர் போட்டு வைத்திருப்பார். நீங்கள் கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்கு விறகு வைத்துவிட்டுப் போக வேண்டும். இங்கே டாஸ் டவுன் என்று சொல்லும்போது ஒரு பெருமிதம்தான் இருக்கும்.

கூடாரம் இல்லாமல் தண்ணீர் புகாத ஓர் உறைக்குள் படுப்பது 'பிவி'. அதையும் 'பிவி டவுன்' என்பார்கள். ஸ்காட்லாந்தில் 2003இல் வந்த நிலச் சட்டம் பெரும்பாலான திறந்த நிலத்தில் பொறுப்போடு கூடாரம் போட உரிமை தருகிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. அனுமதி கேட்காமல் கூடாரம் போடும் உரிமை உள்ள பெரிய நிலப்பரப்பு டார்ட்மூர்தான். அதிலும் ஒரு நில உரிமையாளர் வழக்குப் போட்டு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த உரிமை நிலைத்தது. அங்கே கேம்ப் அவுட் செய்வதற்காக மக்கள் திரண்டு போராடியதை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

டப்ளின்_செவிலி எழுதியது:

நெல்லைத் தம்பிக்கு ஓர் எச்சரிக்கை. அயர்லாந்துக்கு வந்தால் கிப் சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். தூக்கம் என்ற பொருள் இங்கும் உண்டு. ஆனால் ஓர் இடத்தைக் காட்டி "த ப்ளேஸ் இஸ் எ கிப்" என்றால் அழுக்கடைந்த, உருப்படாத இடம். 18ஆம் நூற்றாண்டில் கிப் என்பது விலைமாதர் விடுதியைக் குறித்தது. குடிசை, மட்டமான மதுக்கடை என்ற பொருளுள்ள ஒரு டேனிஷ் சொல்லோடு அதற்கு உறவு இருக்கலாம் என்கிறார்கள். பிறகு மலிவுத் தங்கல், பிறகு படுக்கை, பிறகு தூக்கம் என்று அந்தச் சொல் மெல்ல மெல்லக் குணம் மாறி நல்ல பெயர் வாங்கிவிட்டது. டாஸுக்கும் ஒரு நாள் அப்படி நடக்கலாம், யார் கண்டது. அதுவரை உங்களை வரவேற்கிற வீட்டைப் பார்த்து கிப் என்று பெயர்ச்சொல்லாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வெம்பிளி_அக்கா எழுதியது:

ஆமாம், அது முக்கியம். இன்னும் சில சொற்கள் நினைவுக்கு வந்தன. ஒரே கட்டிலில் இரண்டு பேர் தலைமாடு கால்மாடாகப் படுப்பதற்கு "டாப் அண்ட் டெயில்" என்று சொல்வார்கள். "யூ டூ கேன் டாப் அண்ட் டெயில்" என்று நண்பனின் அம்மா சொன்னால் அதுதான். கொத்தவரங்காய் மாதிரி பீன்ஸின் இரண்டு முனையையும் கிள்ளுவதற்கும் இதே சொல். வயதானவர்கள் வீட்டில் 'புட் யூ அப்' என்றே ஒரு பொருள் இருக்கும், விரித்தால் கட்டிலாகிற சோஃபா. மடக்குக் கட்டிலுக்கு 'ஸெட் பெட்'.

அப்புறம் 'பங்க்'. பங்க் டவுன் சரி. ஆனால் 'பங்க் அப்' பெயர்ச்சொல்லாக வந்தால் உடலுறவைக் குறிக்கும் கொச்சைப் பேச்சும் ஆகும், தள்ளியே வையுங்கள். 'பங்க் ஆஃப்' நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவு முழுக்க வீட்டுக்கு வராமல் வெளியே சுற்றினால் 'ஸ்டாப் அவுட்', காலையில் வருகிற ஆளைச் செல்லமாகச் சீண்ட 'டர்ட்டி ஸ்டாப் அவுட்'. நெருங்கிய தோழிகள் சொல்லலாம், வேலையிடத்தில் வேண்டாம்.

திருச்சி_ஆங்கிலம் எழுதியது:

பங்க் என்றதும் லண்டன் சுரங்க ரயில் ஞாபகம் வருகிறது. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் இரவு தோறும் குண்டு போட்டபோது மக்கள் தாங்களாகவே நிலையங்களுக்குள் இறங்கிப் படுத்தார்கள். அரசு முதலில் அதை விரும்பவில்லை. அந்தச் செப்டம்பர் கடைசியில் ஒரே இரவில் எண்ணியபோது சுமார் 1,77,000 பேர் நடைமேடைகளில் இருந்தார்கள். பிறகு அரசு இறங்கிவந்து மூன்றடுக்கு பங்க் கட்டில்கள் போட்டது, இடத்துக்கு டிக்கெட் கொடுத்தது. பெட் டவுன், பங்க் டவுன் எல்லாம் அந்தத் தலைமுறைக்கு நேரில் செய்த வேலைகள். உங்கள் லண்டன் தம்பதிக்கு அவர்கள் பெற்றோர் சொன்ன கதைகள் இருக்கக்கூடும். வாய்ப்புக் கிடைத்தால் கேளுங்கள்.

கேர்வேலை_டெர்பி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் முதியோர் இல்லத்தில் கேர் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். பணி அட்டவணையில் சில இரவுகளில் 'ஸ்லீப் இன்' என்றும் சில இரவுகளில் 'வேக்கிங் நைட்' என்றும் போட்டிருக்கிறார்கள். ஸ்லீப் இன் என்றால் காலையில் தாமதமாக எழுவது என்றுதான் படித்திருக்கிறேன். இது வெளியிடத்தில் தூங்குவதில் சேருமா? சம்பளம் ஒன்றா?

டப்ளின்_செவிலி எழுதியது:

தங்கச்சி, மன்னிப்பெல்லாம் எதற்கு, நல்ல கேள்வி. தாமதமாக எழுவதற்கு பிரிட்டனில் அதிகம் சொல்வது 'லை இன்'. உங்கள் அட்டவணையில் உள்ள ஸ்லீப் இன் என்பது பணியிடத்திலேயே ஓர் அறையில் இரவு படுத்து, தேவைப்பட்டால் மட்டும் எழுந்து கவனிப்பது. வேக்கிங் நைட் என்றால் இரவு முழுக்க விழித்திருந்து வேலை.

சம்பளம் ஒன்றல்ல, இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். நான் டப்ளினுக்கு வருவதற்கு முன் இங்கிலாந்தில் வேலை பார்த்தவள், அதனால் சொல்கிறேன். 2021 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஸ்லீப் இன் முறையில் தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி கட்டாயமில்லை, எழுந்து வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும்தான் என்று. அதனால் பல இடங்களில் இரவுக்கு ஒரு மொத்தத் தொகை கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தத் தொகை எவ்வளவு என்று பாருங்கள். எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதுங்கள். எழுதாத நேரத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். தூங்கவே முடியாத அளவுக்கு அடிக்கடி எழுப்பினால், இதை வேக்கிங் நைட்டாக மாற்றுங்கள் என்று கேளுங்கள், தொழிற்சங்கம் இருந்தால் அவர்களோடு சேர்ந்து கேளுங்கள்.

கேர்வேலை_டெர்பி எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. இதை யாருமே சொல்லவில்லை. இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிறேன்.

கிழக்கு_லண்டன் எழுதியது:

தங்கச்சி, எழுதி வைக்கிற பதிவேட்டை கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

நெல்லை_லீட்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லண்டன் வீட்டுக்கு "புட் மீ அப்" என்று எழுதி அனுப்பினேன், அன்பாகப் பதில் வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா கடைசியில் "ஷேல் ஐ நாக் யூ அப் அட் செவன்?" என்று கேட்டிருக்கிறார். அமெரிக்கப் படங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். என்ன பதில் எழுதுவது?

வெம்பிளி_அக்கா எழுதியது:

பயப்படாதீர்கள். கர்ப்பமாக்குவது என்பது அமெரிக்கப் பொருள், இங்கும் இளைஞர்களுக்கு அதுதான் முதலில் தோன்றும். பழைய தலைமுறை பிரிட்டிஷ்காரர்களுக்கு 'நாக் அப்' என்றால் கதவைத் தட்டி எழுப்புவது. மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களில் 'நாக்கர் அப்' என்று ஒரு தொழிலே இருந்தது. நீண்ட கழியோடு விடியலில் தெருத்தெருவாகப் போய் மாடி ஜன்னலைத் தட்டி ஆலைத் தொழிலாளர்களை எழுப்பிவிட்டு, அதற்கு வாரக் கூலி வாங்குவார்கள். அந்த அம்மா ஏழு மணிக்கு எழுப்பட்டுமா என்று கேட்கிறார்.

"யெஸ் ப்ளீஸ், எ நாக் அட் செவன் வுட் பி லவ்லி" என்று எழுதுங்கள். தேர்வு எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப அவர் காலை உணவு வைப்பார்.